ஐஸ் பெட்டி: செங்கோட்டைக் கடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை எங்களுடையது. அண்டா, தேக்சா, கேஸ் அடுப்போடு ஐஸ் பெட்டியும் தருகிறோம். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் பெட்டி கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். பாலருவி, தென்மலை, அச்சன்கோவில், கொல்லம் கடற்கரை என்று மலை தாண்டிப் போகிறவர்கள் வருஷம் பூராவும் வருகிறார்கள். புனலூர்ப் பக்கமிருந்து இங்கே வருகிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் வருவது ஒரே சந்தேகங்கள்தான். வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது நின்று முழுசாகச் சொல்ல முடிவதில்லை. அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு போய், சாப்பாட்டைக் கொட்டிவிட்டுத் திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால் மனசு ஆறமாட்டேன் என்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

"அண்ணாச்சி, இது பிரிட்ஜ் மாதிரி தானா குளிர வைக்குமா?"

வைக்காது. பெட்டிக்குள் குளிரை உண்டாக்குகிற எதுவும் கிடையாது. இரண்டு பிளாஸ்டிக் சுவர், நடுவில் நுரை, மேலே ஒரு மூடி, அவ்வளவுதான். வெளிச்சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்துவது அதன் வேலை. குளிர்ச்சி முழுக்க நீங்கள் போடுகிற ஐஸிலிருந்து வருகிறது. கீழே உள்ள பதில்களில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஐஸின் பலம் அது உருகுவதில் இருக்கிறது. ஒரு கிராம் ஐஸ் உருகித் தண்ணீராவதற்கு 80 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதே ஒரு கிராம் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி குறைக்க ஒரு கலோரியை எடுத்தால் போதும். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 300 மில்லி கலர் பாட்டில் 24 வைக்கிறீர்கள்; மொத்தம் ஏழு லிட்டர் சொச்சம். கடையில் வெளியே அடுக்கியிருந்த 32 டிகிரிச் சூட்டிலிருந்து 5 டிகிரிக்கு அதை இறக்க மட்டும் ஏறக்குறைய இரண்டரை கிலோ ஐஸ் கரைந்துவிடும். வண்டி புளியரை தாண்டுவதற்குள் பாதி ஐஸ் எங்கே போச்சு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். முந்தின ராத்திரியே பிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பாட்டிலாகப் போட்டால் அந்த இரண்டரை கிலோவும் மிச்சம்.

"நாங்க பன்னிரண்டு பேரு, எத்தனை லிட்டர் பெட்டி வேணும்?"

பெட்டியில் எழுதியிருக்கிற லிட்டரில் பாதியைத்தான் உங்கள் சாமானுக்கு என்று எண்ணிக்கொள்ள வேண்டும். மீதிப் பாதி ஐஸுக்கு. நாலைந்து பேர் ஒரு பகல் போய் வர 25 லிட்டர் போதும். பன்னிரண்டு பேருக்கு 60 லிட்டரில் ஒன்று எடுப்பதைவிட 40ல் ஒன்றும் 20ல் ஒன்றும் எடுங்கள். சின்னதில் குடிக்கிற சாமான், பெரியதில் சாப்பாட்டுச் சாமான். குடிக்கிற பெட்டியைப் பிள்ளைகள் நிமிஷத்துக்கு ஒருதரம் திறப்பார்கள். அதில் கோழியும் தயிரும் இருந்தால் அவையும் சேர்ந்து சூடேறும்.

தூக்குவதையும் யோசியுங்கள். 60 லிட்டர் பெட்டி நிறைந்தால் இரண்டு ஆள் வேண்டும். பாலருவிக்குள் வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். அதில் இவ்வளவு பெரிய பெட்டியை ஏற்றி இறக்குவது பெரும்பாடு. அங்கே போகிறவர்களுக்கு நான் 20 லிட்டருக்கு மேல் தருவதில்லை.

"மீன் கடையில தெர்மாகோல் பெட்டி சல்லிசா கிடைக்குதே, அது போதாதா?"

சூட்டைத் தடுப்பதில் தெர்மாகோல் ஒன்றும் மட்டமில்லை. அதன் சங்கடம் உடம்பில்தான். வண்டி வளைவில் சாய்ந்தால் மூலை விரியும், மூடி சரியாக உட்காராது, அடியில் தண்ணீர் கசியும். ஒரே ஒரு தடவை மீன் கொண்டுவர அது போதும். வெளியே கோணியைச் சுற்றி, மூடியின் விளிம்பில் டேப் ஒட்டிவிட்டால் நாலு மணி நேரம் தாங்கும்.

உடைந்த தெர்மாகோலைக் காட்டில் விட்டுவிட்டு வராதீர்கள் என்பதை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தென்மலையைச் சுற்றி இருப்பது செந்துருணி வனவிலங்குச் சரணாலயம். அந்த வெள்ளை உருண்டைகள் ஓடையில் இறங்கினால் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது.

"சொந்தமா வாங்கப் போறேன். கடையில எதைப் பார்க்கணும்?"

முதலில் மூடியைப் பாருங்கள். சுவரில் நுரை அடைத்துவிட்டு மூடியை வெறும் கூடாக விட்ட பெட்டிகள் நிறைய விற்கின்றன. மூடியை விரலால் தட்டுங்கள். டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே காற்றுதான். நுரை இருந்தால் கனத்த சத்தம் வரும்.

அடுத்து மூடி உட்காரும் விதம். ஒரு பத்து ரூபாய் நோட்டை விளிம்பில் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி வைத்து மூடியை அழுத்தி மூடி, நோட்டை மெல்ல இழுங்கள். பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் நல்லது. எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சந்து இருக்கிறது. நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள். கீல் இருக்கிற பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, சந்து பெரும்பாலும் அங்கேதான். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே டார்ச்சை எரியவிட்டு மூடினால் வெளிச்சம் கசிகிற இடம் கண்ணுக்கே தெரியும்.

நுரையில் பஃப் என்று வியாபாரிகள் சொல்லும் பாலியூரித்தேன், அதே கனத்துக்குத் தெர்மாகோலைவிட நன்றாகத் தாங்கும். சுவர் ஒரு அங்குலம் இருந்தால் ஒரு பகலுக்குப் போதும். இரண்டு நாள் தங்கப் போகிறவர்கள் ஒன்றரை, இரண்டு அங்குலம் பார்த்து வாங்கலாம். அடியில் தண்ணீர் திறந்துவிடும் அடைப்பான் இருக்கட்டும். நிறம் வெள்ளையோ வெளிர் நீலமோ எடுங்கள்; கருநீலமும் கறுப்பும் வெயிலை வாங்கிக்கொள்ளும். அருவிப் பக்கம் போகிறவர்கள் கொக்கி உறுதியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சும்மா மூடி வைத்த பெட்டியைக் குற்றாலத்துக் குரங்கு நம்மைவிட வேகமாகத் திறக்கும்.

"எவ்வளவு ஐஸ் போடணும்?"

ஏற்கெனவே குளிர்ந்த சாமானாக இருந்தால் இரண்டு கிலோவுக்கு ஒரு கிலோ ஐஸ், ஒரு பகலுக்குப் போதும். ராத்திரி தங்குவதாக இருந்தால் கிலோவுக்குக் கிலோ. சூடான சாமான் போடுவதாக இருந்தால் முதல் பதிலில் சொன்ன கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியும் சூடாக இருக்கும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மாடி அறையில் வெயிலில் காய்ந்த பெட்டியில் ஐஸைக் கொட்டினால் முதல் வேலையாக அது சுவரைத்தான் குளிர வைக்கும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொஞ்சம் ஐஸோ குளிர்ந்த தண்ணீரோ ஊற்றி மூடி வைத்து, பிறகு அதைக் கொட்டிவிட்டுப் புது ஐஸ் போடுங்கள். நாங்கள் வாடகைக்குத் தரும் பெட்டியை நிழலில்தான் வைத்திருப்போம். அதை வாங்கிக்கொண்டுபோய் வேன் மேலே கட்டினால் வைத்திருந்ததே வீண்.

"பார் ஐஸ் நல்லதா, கியூப் நல்லதா, இல்ல ஜெல் பேக்கா?"

பெரிய கட்டி மெதுவாக உருகும், சின்னத் துண்டு வேகமாகக் குளிர வைக்கும். ஒரே எடையில் துண்டுகளுக்குக் காற்றும் தண்ணீரும் தொடுகிற பரப்பு அதிகம், அதனால்தான். இரண்டையும் கலந்து போடுவது நல்லது. அடியில் கட்டி, இடுக்குகளில் துண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது வீட்டிலேயே உறைய வைத்த தண்ணீர் பாட்டில். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும்; அதனால் கழுத்து வரை ஊற்றாமல் ஒரு கை அகலம் விட்டு நிரப்புங்கள். ஃப்ரீசரில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இருக்கட்டும். உருகினாலும் பெட்டி நனையாது, சாயங்காலம் குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் கையில் இருக்கும். ஜெல் பேக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது, குடிக்க மட்டும் முடியாது.

"ஐஸ் பிளான்ட்ல வாங்கின கட்டியை உடைச்சு ஜூஸ்ல போடலாமா?"

கூடாது. மீனையும் இறைச்சியையும் காக்கச் செய்கிற ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்யப்பட்டது என்று நம்ப முடியாது. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் 2018 ஜூனிலிருந்து உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. வெள்ளையாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். எதற்காகச் செய்தது என்று கேட்டு வாங்குங்கள். குடிக்கிற டம்ளரில் போட வீட்டில் காய்ச்சி ஆற்றி உறைய வைத்ததைத் தனி டப்பாவில் எடுத்துப் போங்கள்.

"அடுக்குறதுல ஏதும் முறை இருக்கா, இல்ல கொட்டிட வேண்டியதுதானா?"

முறை இருக்கிறது. குளிர்ந்த காற்று கீழே இறங்கும். அதனால் ஐஸ் அடியில் மட்டும் இருந்தால் மேலே இருப்பது குளிராது. மேலேயும் ஒரு அடுக்கு வேண்டும். பச்சை இறைச்சி, மீன் எல்லாம் இறுக மூடிய டப்பாவில் அடியில் போக வேண்டும். அது கசிந்து தயிரிலோ பழத்திலோ சொட்டினால் வயிற்றுப்போக்குதான். முதலில் எடுக்க வேண்டியது மேலே. இடைவெளி இருந்தால் துண்டையோ செய்தித்தாளையோ திணித்துவிடுங்கள். உள்ளே காலி இடம் இருக்கிற அளவுக்கு, திறக்கிற ஒவ்வொரு முறையும் சூடான காற்று புகுந்துகொள்ளும்.

"உருகின தண்ணியை அப்பப்போ திறந்து விடணுமா?"

கலர், தண்ணீர் பாட்டில் மட்டும் இருக்கிற பெட்டியில் விட வேண்டாம். ஐஸ் மிதக்கிற அந்தத் தண்ணீர் ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரி. பாட்டிலை முழுக்கத் தொட்டுக்கொண்டிருப்பதால் வெறும் ஐஸைவிட நன்றாகக் குளிர வைக்கும். அதைத் திறந்துவிட்டால் அந்த இடத்தில் சூடான காற்று வந்து உட்காரும். சாப்பாட்டுப் பெட்டியில் மட்டும் அவ்வப்போது திறந்து விடுங்கள், டப்பா மூழ்கக் கூடாது.

"உப்பு போட்டா ஐஸ் நாள் பூரா நிக்கும்னு எங்க மாமா சொல்றாரே?"

நேர்மாறு. உப்பு சேர்ந்தால் ஐஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே உருகத் தொடங்கும். உப்பு அதிகமாக இருந்தால் கலவை மைனஸ் 21 டிகிரி வரைகூட இறங்கும். குல்பி செய்ய அது வேண்டும். பெட்டியில் போட்டால் ஐஸ் வேகமாகத் தீரும், பாட்டில் உறைந்து வெடிக்கும், பழம் கருகும்.

"நீண்டகரையில மீன் வாங்கிட்டு வந்தா கெடாம வீடு சேருமா?"

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் கேட்பது இதுதான். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது, கொல்லத்து மீன் ருசி எங்கள் நாக்கில் அப்போதே ஏறியது. 1950களில் நார்வே நாட்டு உதவியோடு வந்த மீன்பிடித் திட்டம் இயந்திரப் படகையும் ஐஸ் ஆலையையும் கொண்டுவந்த இடம் கொல்லத்துப் பக்கத்து மீன்பிடித் துறைமுகமான அந்த நீண்டகரைதான். கொல்லத்திலிருந்து செங்கோட்டை ரயில் பாதை தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். சாலையும் கிட்டத்தட்ட அதே தூரம், மலைப்பாதையும் நெரிசலும் சேர்ந்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

கிலோவுக்குக் கிலோ ஐஸ், இதில் சிக்கனம் வேண்டாம். துறைமுகத்திலேயே பொடித்த ஐஸ் கேளுங்கள். அடியில் நாலு விரல் கனத்துக்கு ஐஸ், மேலே ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ், மறுபடி மீன், கடைசியில் மீன் கண்ணுக்குத் தெரியாதபடி ஐஸ். மீனும் மீனும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பெரிய மீனாக இருந்தால் அங்கேயே குடலை எடுத்துக் கழுவி, வயிற்றுக்குள்ளும் ஐஸை அடையுங்கள். மீன் பெட்டியில் மட்டும் அடைப்பானைக் கொஞ்சம் திறந்து வைத்து, ரத்தம் கலந்த தண்ணீரை அடியில் ஒரு வாளியில் வடியவிடுவது நல்லது. வீட்டுக்கு வந்து திறக்கும்போது மேலே ஐஸ் மிச்சம் இருக்க வேண்டும். ஐஸே இல்லாமல் வெறும் குளிர்ந்த தண்ணீரில் மீன் மிதந்தால் எப்போது தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

அயிலை, மத்தி, சூரை மூன்றிலும் இன்னும் கவனம் வேண்டும். சூட்டில் கிடந்தால் இவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. அது வந்தபிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், அரிப்பெடுக்கும், தலை வலிக்கும். மீன் பார்க்க நன்றாகவே இருக்கும் என்பதுதான் ஆபத்து.

தேதியையும் பார்த்துக்கொண்டு போங்கள். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவலைப் படகுகளுக்குத் தடை. குற்றால சீசனும் அதே நேரம். அருவியில் குளித்துவிட்டு அப்படியே நீண்டகரைக்குப் போய்க் குறைந்த விலையில் அள்ளிக்கொண்டு வரலாம் என்று கிளம்புகிறவர்கள் ஏமாந்து வருகிறார்கள். அப்போது நாட்டுப் படகு மீன் மட்டும்தான், விலையும் ஏறியிருக்கும்.

"ஐஸ் இல்லாமலே மீன் ரெண்டு நாள் கெடாம இருக்குதே, எப்படி?"

அப்படி இருந்தால் சந்தேகப்படுங்கள். 2018 ஜூனில் ஆரியங்காவு சோதனைச் சாவடியில் அழுகாமல் வைக்கும் ஃபார்மலின் ரசாயனம் கலந்த மீன் லாரியோடு பிடிபட்டது இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். ஈ உட்காராத மீனை வாங்காதீர்கள். நல்ல மீனுக்கு ஐஸ் போதும், ஐஸ் மட்டும்தான் போதும்.

"பிரியாணி ஆவி பறக்குது. அப்படியே பெட்டியில வச்சிடலாமா?"

ஐஸ் இருக்கிற பெட்டியில் வைக்காதீர்கள். ஐஸும் போகும், பிரியாணியும் ரெண்டுங்கெட்டான் சூட்டில் நிற்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி பெருகும். ஒன்று அதற்குக் கீழே, அல்லது அதற்கு மேலே.

சூட்டையும் இதே பெட்டி காக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வேறொரு காலிப் பெட்டியில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிஷம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கிற தேக்சாவைத் துண்டில் சுற்றி வைத்தால் மதியம் வரை கை சுடும். புளியோதரைக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். தயிர் சாதத்துக்கு வேண்டும்.

"அம்மாவுக்கு இன்சுலின், குழந்தைக்குப் பால். ஐஸ் மேலேயே வச்சிடட்டுமா?"

இன்சுலினை ஐஸில் படவே விடாதீர்கள். இது எனக்கு நேர்ந்தது. அச்சன்கோவிலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்திரமாக இருக்கட்டுமே என்று அவருடைய இன்சுலின் ஊசிப் பேனாவை ஃப்ரீசரிலிருந்து எடுத்த இரண்டு ஜெல் பேக்குக்கு நடுவில் வைத்தேன். மதியம் ஊசி போட எடுத்தால் பேனாவின் கண்ணாடிக்குள் மருந்து மங்கலாக, அசைத்தால் அசையாமல் நின்றது. உறைந்த இன்சுலின் கரைந்த பிறகு பார்க்கப் பழையபடி தெரியலாம், ஆனால் அதன் வேலை கெட்டிருக்கும். தூக்கிப் போட வேண்டியதுதான். அம்மா சாப்பிடாமல் காத்திருந்தார். புனலூர் மருந்துக் கடைக்கு ஓடி வாங்கி வந்தேன்.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பயன்பாட்டில் இருக்கிற பேனாவை வகையைப் பொறுத்துச் சில வாரம் வெளியிலேயே, சூடு படாமல் வைத்துக்கொள்ளலாம். அட்டையில் எழுதியிருக்கும், மருந்துக் கடையில் கேட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியில் வைப்பதானால் துணியில் சுற்றி, சின்ன டப்பாவில் போட்டு, ஐஸிலிருந்து தள்ளி மேலே வையுங்கள். பிழிந்து எடுத்த தாய்ப்பால், உறைந்த ஜெல் பேக்கோடு இறுக மூடிய பெட்டியில் 24 மணி நேரம் வரை இருக்கலாம். மேலே சொன்ன மீன் பெட்டியில் மட்டும் வேண்டாம்.

"வண்டியில எங்க வைக்கிறது?"

ஆட்கள் இருக்கிற பக்கம், காலடியில். டிக்கியில் வைக்காதீர்கள். வெளியே 35 டிகிரி இருந்தால் நிறுத்தி மூடிய கார் அரை மணி நேரத்தில் 50ஐத் தொடும்; தென்மலை அணை பார்த்துவிட்டு வருவதற்குள் பெட்டி வெந்துபோகும். நிறுத்துகிற இடத்தில் மர நிழலில் இறக்கி, இரண்டு கல்லின் மேல் தூக்கி வைத்து, நனைத்த கோணியைப் போர்த்துங்கள். கோணியின் ஈரம் காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும்; மண்பானை குளிர்வதும் இப்படித்தான்.

"கார் சார்ஜர்ல மாட்டுற குட்டி பிரிட்ஜ் வாங்கலாமா?"

விலை குறைந்தவை பெரும்பாலும் கம்ப்ரசர் இல்லாமல் மின்தகட்டால் குளிர வைக்கும் பெல்டியர் வகை. வெளிச்சூட்டைவிட 15, 20 டிகிரிதான் குறைக்கும். 38 டிகிரி வெயிலில் உள்ளே 20 டிகிரி என்றால் தண்ணீர் குடிக்கலாம், கோழி வைக்க முடியாது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஓடவிட்டால் பேட்டரியும் இறங்கும். கம்ப்ரசர் வைத்தது நன்றாக உறையவே வைக்கும். விலை பல மடங்கு. மாதம் இரண்டு தடவை போகிறவர்களுக்கு அது நியாயம்.

"டிரை ஐஸ்?"

வேண்டாம். அது கட்டியாக உறைந்த கரியமில வாயு. மைனஸ் 78 டிகிரி, வெறுங்கையில் தொட்டால் தோல் புண்ணாகும். உருகாமல் கரியமில வாயுவாக மாறும்; இறுக மூடிய பெட்டி வெடிக்கலாம், கண்ணாடி ஏற்றிய வேனில் மூச்சு முட்டும். ஒரு நாள் பயணத்துக்கு அதன் தேவையே இல்லை.

"கழுவிட்டேன் அண்ணாச்சி, ஆனா மீன் நாத்தம் போகல."

வெந்நீர் ஊற்றித் தேய்த்திருப்பீர்கள். முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், சூடு பட்டால் மீன் சாறு ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்பு. அப்புறம் ஆப்பசோடாவைக் குழைத்து உட்சுவர் முழுக்கத் தடவி ஒரு மணி நேரம் விடுங்கள். நாற்றம் ஒளிந்திருப்பது அடைப்பானின் திருகிலும் மூடி ரப்பரின் மடிப்பிலும். பழைய பல் தேய்க்கும் பிரஷ் போட்டுத் தேயுங்கள். நிழலில் திறந்து காயவிட்டு, ஈரம் இல்லை என்று கையால் தடவிப் பார்த்த பிறகு எடுத்து வையுங்கள். மூடியைக் கொக்கி போட்டு வைக்காமல் ஒரு குச்சியைச் செருகிக் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். எங்களிடம் திருப்பித் தருகிறவர்களும் அப்படியே தாருங்கள்.